தழிஞ்சி அறிந்த மல்லன்

வென்றவனைப் பாடுவதற்குப் புலவர்கள் என்றும் இருந்திருக்கிறார்கள். தோற்றவனுக்காக இரங்கிப் பாடியவரும் சிலர் உளர். ஆனால் வென்று, பின் தோற்று, தோற்றபின் மீண்டும் வென்று, இறுதியில் தான் யாரை வென்றோம் என்பதையே மறந்துபோன ஒருவனைப் பாடுவார் யார்? அத்தகைய ஒருவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அவர் தமிழர் அல்லர். தமிழ் நூல் எதையும் கற்றவரும் அல்லர். ஆயினும் நம் முன்னோர் புறப்பொருள் இலக்கணத்தில் வகுத்துவைத்த ஓர் அரிய துறைக்கு, இருபதாம் நூற்றாண்டில் அவரைப்போல் உரை எழுதியவர் வேறெவரும் இலர் என்பது என் எண்ணம். அவர் எழுதியது ஏட்டில் அன்று, குத்துச்சண்டை மேடையில்.

புளோய்ட் பற்றர்சன் என்பது அவர் பெயர். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் நடுத்தர பாரப் பிரிவில் தங்கப் பதக்கம் வென்ற அமெரிக்கக் கறுப்பின இளைஞர். பின்னர்த் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கி, அதிபாரப் பிரிவின் உலகப் பட்டத்தை இருமுறை அடைந்தவர்.

இலங்கையராகிய நமக்குக் குத்துச்சண்டை புதியதன்று. 1938-ஆம் ஆண்டில் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிக்கஸ் என்னும் நம் நாட்டு வீரர் தங்கப் பதக்கம் வென்றார். ஆனால் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் நம்மவர் எவரும் இதுவரை பதக்கம் பெற்றதில்லை. ஆகவே ஒலிம்பிக் வெற்றியின் பின் ஒரு குத்துச்சண்டை வீரனின் வாழ்வு எவ்வாறு செல்கிறது என்பதை அறியக் கடல்கடந்தே நோக்க வேண்டியிருக்கிறது. நான் சிறுவனாய் இருந்த காலத்தில், கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் புகைவண்டியில் சிலாபத்துக்கு வந்து சேரும் நாளிதழ்களில் இவருடைய பெயரை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். அன்று அவருடைய குத்துகளை மட்டுமே அறிந்தேன். அவருடைய உள்ளத்தை அறிந்தது, ஆசிரியத் தொழிலில் பல ஆண்டுகள் கழித்த பின்னரே.

தன் முகத்தை வெறுத்த சிறுவன்

பற்றர்சன் 1935-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் வட கரோலைனா மாநிலத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகள் கொண்ட வறிய குடும்பம். பிழைப்பை நாடி அவர்கள் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். அங்கு அச்சிறுவன் எவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க அஞ்சினான். பள்ளிக்குச் செல்லாமல் ஒளிந்து திரிந்தான். நிலத்தடிப் புகைவண்டிப் பாதையில் தொழிலாளர் தம் கருவிகளை வைக்கும் ஒரு சிற்றறை அவனுக்குப் புகலிடமாயிற்று. அதன் இருளில் மணிக்கணக்காய் அமர்ந்திருப்பானாம். வீட்டில் இருந்த ஒரு புகைப்படத்தில் தன் உருவத்தின்மேல் குறுக்குக் கோடுகள் கீறி அழித்தான். அந்தப் பையனைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று தாயிடம் சொன்னான். பத்து வயதும் நிரம்பாத ஒரு பிள்ளை தன்னையே வெறுத்துத் தன் முகத்தை அழிக்கும் காட்சியை ஆசிரியர்கள் ஒரு கணம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சிறு திருட்டுகளில் சிக்கிய அவனை நீதிமன்றம் விற்விக் என்னும் பள்ளிக்கு அனுப்பியது. எசோபஸ் என்ற நாட்டுப்புற ஊரில், வழிதவறிய சிறுவர்களுக்காக அமைந்த விடுதிப் பள்ளி அது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ற்றின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ற் அதனை ஆதரித்து வந்தார். அங்கே மதிலும் இல்லை, காவலும் இல்லை. ஓர் ஆசிரியை அவனிடம் அன்பு காட்டினார். விடை தவறினால் நகைக்காமல், விடை சரியானால் பாராட்டி, சிறிது சிறிதாக அவன் வாயைத் திறக்கச் செய்தார். உலகத்தைக் கையால் வென்ற ஒருவர், தமக்கு முதல் வெற்றி தந்தது அந்த வகுப்பறைதான் என்று பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

அங்கிருந்து திரும்பியபின், தம் தமையன்மாரைப் பின்பற்றிக் கஸ் டமாட்டோ என்ற பயிற்சியாளரின் கூடத்துக்குச் சென்றார். டமாட்டோ கற்பித்த முறை விந்தையானது. இரண்டு கையுறைகளையும் முகத்துக்கு முன்னே உயர்த்தி, அவற்றின் இடைவெளியால் எதிரியை நோக்கி நிற்பது அம்முறை. முகத்தை மறைக்கவே விரும்பிய சிறுவனுக்கு, முகத்தை மறைத்துக்கொண்டே போரிடும் கலை வாய்த்தது!

பட்டமும் வீழ்ச்சியும்

ஹெல்சிங்கியில் அவர் வென்றபோது வயது 17. இறுதிப் போட்டியில் ருமேனிய வீரரை முதற் சுற்றிலேயே வீழ்த்தினார். அதே விழாவில் அதிபாரப் பிரிவில் போட்டியிட்ட இருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் தங்கம் வென்ற எட் சாண்டர்ஸ். மற்றவர் சுவீடன் நாட்டு இங்கெமார் ஜொகான்சன். இறுதிப் போட்டியில் ஜொகான்சன் முயன்று போரிடவில்லை என்று கூறி நடுவர் அவரை விலக்கினார். அவருக்குரிய வெள்ளிப் பதக்கமும் மறுக்கப்பட்டது. கோழை என்ற பழியுடன் அவர் ஊர் திரும்பினார். தங்கம் வென்ற சாண்டர்ஸோ, தொழில்முறைக்கு வந்த சிறிது காலத்தில், 1954-ஆம் ஆண்டு டிசம்பரில், பொஸ்ரன் நகரில் மேடையில் விழுந்தவர் மீண்டும் கண்விழிக்கவே இல்லை. ஒரே விழாவில் நின்ற மூவர்: ஒருவருக்குப் புகழ், ஒருவருக்குப் பழி, ஒருவருக்கு அற்ப ஆயுள்.

ஒலிம்பிக் முடிந்த சில வாரங்களிலேயே பற்றர்சன் பணத்துக்காகப் போரிடத் தொடங்கினார். 1956-ஆம் ஆண்டில் ரொக்கி மார்சியானோ தோல்வியறியாது ஓய்வு பெற்றதால் அதிபாரப் பட்டம் வெறுமையாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் சிக்காகோ நகரில் ஆச்சி மூர் என்ற முதிர்ந்த வீரரை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தி அதனைப் பற்றர்சன் அடைந்தார். அப்போது அவருக்கு வயது 21. அதுவரை அப்பட்டத்தை அத்துணை இளமையில் வென்றார் எவருமில்லை. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒருவர் அதனைப் பெற்றதும் அதுவே முதன்முறை. 1986-ஆம் ஆண்டில் மைக் ரைசன் 20 வயதில் அதனை முறியடித்தார். அவரையும் உருவாக்கியவர் அதே டமாட்டோதான்.

1959-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் நியூயோர்க்கில் விதி வேறொரு முகத்தைக் காட்டிற்று. ஹெல்சிங்கியில் பழி சுமந்த ஜொகான்சன், வலக்கையின் பெருவலியால் பற்றர்சனை மூன்றாம் சுற்றில் ஏழுமுறை தரையில் வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். ஏழுமுறை வீழ்ந்தார் என்று உலகம் நகைத்தது. ஏழுமுறையும் எழுந்தார் என்பதைச் சிலரே எண்ணினர். அதன்பின் பல மாதங்கள் பற்றர்சன் வீட்டைவிட்டு வெளிவரக் கூசினார். புரூக்ளின் சிற்றறையின் இருள் அவரை மீண்டும் சூழ்ந்தது.

மேடையில் கண்ட தழிஞ்சி

புறநானூற்றில் போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்னும் சோழன், ஆமூர் மல்லனோடு பொருது வீழ்த்திய செய்தி வருகிறது. சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் அவ்வெற்றியைப் பாடினர். நம் மாணவர்கள் வென்றவன் பெயரைத் தேர்வுக்காக மனனம் செய்கிறார்கள். வீழ்ந்தவன் பெயர் என்ன? மல்லன் என்பது அவன் தொழிற்பெயர். ஆமூர் என்பது அவன் ஊர்ப்பெயர். அவனுக்கென்று இருந்த பெயர் நமக்கு எஞ்சவில்லை. தோல்வி ஒருவனுடைய பெயரையே அழித்துவிடுகிறது என்பதற்கு ஈராயிரம் ஆண்டுச் சான்று அது.

ஆயினும் அதே தமிழ் மரபு மற்றொன்றையும் அறிந்திருந்தது. தழிஞ்சி என்பது வஞ்சித்திணையின் ஒரு துறை. புறங்காட்டி ஓடுவோர்மேல் படைக்கலம் செலுத்தாத மறப்பண்பைப் புறப்பொருள் வெண்பாமாலை அப்பெயரால் சுட்டுகிறது. தொல்காப்பியமோ, படையால் அழிந்து புண்பட்டோரைத் தழுவிப் பேணுவதை அச்சொல்லால் குறிக்கிறது. வள்ளுவரும் படைச்செருக்கு என்ற அதிகாரத்தில், பகைவனுக்கு ஓர் இடர் வந்துற்றபோது அவனுக்கு உதவுவதே வீரத்தின் கூர்மை என்று வரையறுத்தார். இவை நூலில் படித்து மகிழ்தற்குரிய உயர்ந்த கருத்துகள் என்றே வெகுகாலம் வகுப்பில் சொல்லிவந்தேன். சினமும் குருதியும் கொதிக்கும் களத்தில் இவற்றைச் செய்தவர் உண்டோ என மாணவன் ஒருவன் கேட்டபோது, நான் சொன்ன விடை பற்றர்சனின் கதை.

1960-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள். அதே நியூயோர்க்; அதே ஜொகான்சன். ஐந்தாம் சுற்றில் பற்றர்சனின் இடக்கைக் குத்து அவரைச் சாய்த்தது. ஜொகான்சன் மல்லாந்து வீழ்ந்தார். கண் மூடிக் கிடந்தது. ஒரு கால் மட்டும் தானாக நடுங்கிற்று. இழந்த அதிபாரப் பட்டத்தை மீண்டும் வென்றவர் உலக வரலாற்றில் அதுவரை ஒருவருமில்லை. அரங்கம் ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்பின் நடுவே, வென்றவர் தம் பகைவரருகே மண்டியிட்டார். அவர் தலையைத் தாங்கித் தழுவிக்கொண்டார். மீண்டும் ஒருமுறை பொருதும் வாய்ப்பை அவருக்கு அளிப்பதாக உறுதி கூறினார். அவ்வுறுதியைக் காத்து, 1961-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூன்றாம் முறையும் பொருதார். ஆறாம் சுற்றில் வென்றார். தழிஞ்சி என்ற சொல்லுக்கு இதனினும் தெளிந்த உரை வேண்டுமோ?

பொய்த்தாடி

அடுத்து வந்தவர் சொனி லிஸ்ரன். சிறையிலிருந்து வந்தவர், கொடியவர் என்று பெயரெடுத்தவர். அவரோடு பொருத வேண்டாமெனப் பயிற்சியாளர் டமாட்டோவே தடுத்தார். தகுதி பெற்ற ஒருவனுக்கு வாய்ப்பை மறுப்பது முறையன்று என்று பற்றர்சன் உடன்பட்டார். 1962-ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25-ஆம் நாள் சிக்காகோவில், முதற் சுற்றிலேயே, சரியாய் 2 நிமிடம் 6 விநாடியில் அவர் வீழ்ந்தார்.

தோல்வியை எதிர்பார்த்து அவர் முன்னதாகவே பொய்த்தாடியும் மீசையும் கொண்டுவந்திருந்தார் என்பது நெஞ்சை நெகிழச் செய்யும் செய்தி. அவற்றை அணிந்துகொண்டு, எவரும் அறியாவண்ணம் இரவோடிரவாகக் காரில் நியூயோர்க் நோக்கிச் சென்றார். பின்னர் ஒருமுறை அதே வேடத்தில், காலை நொண்டியபடி, ஸ்பெயின் நாட்டு மட்ரிட் நகர்வரை சென்றார். உலகப் பட்டம் பெற்ற வீரர் ஒருவர், பகைவனின் கைக்கு அஞ்சாதவர், வழிப்போக்கரின் கண்ணுக்கு அஞ்சினார். 1963-ஆம் ஆண்டு ஜூலையில் லிஸ்ரனை மீண்டும் எதிர்கொண்டார்; மீண்டும் முதற் சுற்றிலேயே வீழ்ந்தார். ஆயினும் அவ்வாண்டு மே மாதத்தில், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் கனன்ற பேர்மிங்ஹாம் நகருக்கு, ஜாக்கி ரொபின்சன் என்ற புகழ்பெற்ற விளையாட்டு வீரரோடு அவர் துணிந்து சென்றார் என்பதையும் மறத்தலாகாது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாது, நாணத் தேவையில்லாததற்கு நாணிய உள்ளம் அது.

1965-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் முகம்மது அலியோடு பொருதார். 1960-ஆம் ஆண்டு றோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அலி, இஸ்லாத்தைத் தழுவித் தம் பெயரை மாற்றிக்கொண்டவர். பற்றர்சன் அவரைப் பழைய பெயராலேயே அழைத்தார். அதனாற் சினந்த அலி, முதுகு நோவால் வருந்திய பற்றர்சனைப் பன்னிரண்டாம் சுற்றுவரை ஏசி ஏசி அடித்தார். ஆயினும், போருக்குச் செல்ல மறுக்கும் கருத்தை அலி வெளியிட்டதால் நாடே அவரைத் தூற்றிய 1966-ஆம் ஆண்டில், தம் கருத்தைச் சொல்ல அவருக்கு உரிமையுண்டு என்று ஓர் இதழில் வாதிட்டு எழுதியவர்களுள் பற்றர்சனும் ஒருவர். அதுவும் தழிஞ்சியே.

1968-ஆம் ஆண்டில் சுவீடன் தலைநகரில் ஜிம்மி எல்லிஸிடம் அவர் புள்ளிக் கணக்கில் தோற்றார். அத்தீர்ப்பைப் பலர் ஏற்கவில்லை. தமிழர்களுள் முதியோர் பலர் இந்த எல்லிஸை அறிவர். 1980-ஆம் ஆண்டில் அலி சென்னைக்கு வந்தபோது, அங்கு அவரோடு காட்சிக்காகக் குத்துச்சண்டையிட்டவர் அவரே. பற்றர்சன் 1972-ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அலியிடம் மீண்டும் தோற்றதோடு மேடையை விட்டிறங்கினார். 64 போட்டிகள், 55 வெற்றிகள், 8 தோல்விகள், ஒன்று சமன் என்பது அவர் கணக்கு.

மறதி என்னும் எதிரி

பின்னைய வாழ்வை அவர் நியூயோர்க் மாநிலத்தின் நியூ போல்ற்ஸ் என்ற சிற்றூரில் கழித்தார். தம் இல்லத்தருகே பயிற்சிக் கூடம் அமைத்து இளைஞருக்குக் கற்பித்தார். அங்கு வந்த சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்து வளர்த்தார்; அந்தப் பிள்ளை ரேசி ஹரிஸ் பற்றர்சன் 1992-ஆம் ஆண்டில் உலகப் பட்டம் வென்றார். ஜொகான்சனும் பற்றர்சனும் இணைபிரியா நண்பராயினர். அத்திலாந்திக் கடலைக் கடந்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்று வந்தனர். 1982-ஆம் ஆண்டில் இருவரும் ஸ்ரொக்ஹோம் மரதன் ஓட்டத்தில் ஒன்றாய் ஓடினர். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் மறுக்கப்பட்ட வெள்ளிப் பதக்கம் ஜொகான்சனின் கைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே.

1995-ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவர் பதவி பற்றர்சனை நாடி வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு வழக்கில் சாட்சியம் அளித்தபோது, தாம் முதன்முதலில் உலகப் பட்டம் வென்றது யாரிடம் என்ற வினாவுக்கு அவரால் விடை கூற இயலவில்லை. ஆச்சி மூர் என்ற பெயர் நினைவிலிருந்து உதிர்ந்துவிட்டது. 1998-ஆம் ஆண்டு ஏப்ரிலில் பதவியைத் துறந்தார். அல்சைமர் என்னும் மறதி நோய் அவரைப் பற்றியிருந்தது. 2006-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், 71-ஆம் வயதில் காலமானார். மறதியின் இருளிலேயே ஜொகான்சனும் 2009-ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். ஒருவரையொருவர் வீழ்த்திய கதையை உலகம் நினைவில் வைத்திருக்க, அவ்விருவரும் அதனை மறந்தனர்.

தலையில் விழும் குத்து மூளைக்குச் செய்யும் கேட்டை 1928-ஆம் ஆண்டிலேயே ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எடுத்துக்காட்டினார். மண்டையோட்டினுள் மிதக்கும் மென்மையான உறுப்பு மூளை. ஒவ்வொரு குத்திலும் அது சுழன்று அதிர்கிறது. நுண்ணிய நரம்பிழைகள் நைகின்றன. அந்நைவு பல்லாண்டு கழித்தே வெளிப்படுகிறது. வீரனை வீழ்த்தும் குத்து மட்டுமன்று, அவன் தாங்கி நின்ற ஆயிரம் குத்துகளும் கணக்கில் ஏறுகின்றன. கைதட்டிய நாமெல்லாம் அக்கணக்கில் பங்குடையவர்களே.

வெற்றியின் தோஷம்

எங்கள் முன்னேஸ்வரத்துக்கு ஒரு தலபுராணச் செய்தி உண்டு. இராவணனை வென்று திரும்பிய இராமபிரானை, வெற்றிக் களிப்பல்ல, பிரமகத்தி தோஷமே தொடர்ந்ததாம். புட்பக விமானம் இத்தலத்தை அணுகியபோது அது தம்மை நீங்கியதை உணர்ந்து, இறங்கி முன்னைநாதரை வழிபட்டார் என்பது ஐதிகம். மாயவனாற்றங்கரையில் வாழும் நாங்கள் இக்கதையைக் கேட்டே வளர்ந்தோம். இதன் உட்பொருள் ஆழமானது. அறத்தின் பக்கம் நின்று வென்றவனுக்கும் வென்றதனால் ஒரு பாரம் உண்டு. அதனை இறக்கிவைக்க ஓரிடம் வேண்டும். பற்றர்சன் அப்பாரத்தை மேடையிலேயே, வீழ்ந்தவனைத் தழுவி இறக்கிவைத்தார். ஆனால் தோல்வியின் பாரத்தை இறக்கிவைக்க அவருக்கு நாடு ஓரிடமும் தரவில்லை. பொய்த்தாடி ஒன்றே கிடைத்தது.

இதனை ஏன் ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் பக்கத்தில் எழுதுகிறேன்? ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் தேர்வின் பெறுபேறு வந்ததும், சித்தியடைந்த பிள்ளைகளின் படங்கள் பதாகைகளாய்த் தெருவெங்கும் தொங்குகின்றன. படத்தில் இடம்பெறாத பத்து வயதுப் பிள்ளைகள் அவற்றின் கீழாகத்தான் பள்ளிக்கு நடந்து செல்ல வேண்டும். நான் கற்பித்த காலத்தில் ஒரு மாணவன் சித்தியடையாமற் போனான். அதன்பின், புள்ளிகளை விசாரிக்கும் பெரியவர்கள் அமர்ந்திருக்கும் கடையைத் தவிர்க்கத் தென்னந்தோட்டத்தின் பின்வழியாகவே போய்வந்தான்; சில நாளில் பள்ளிக்கு வருவதையும் நிறுத்தினான். அவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தையின் கிழிந்த வலையைத் திருத்திக்கொண்டிருந்தான். தேர்வைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசவில்லை. "தம்பி, இந்த முடிச்சை எனக்கும் காட்டித் தா" என்றேன். நெடுநேரம் முயன்றும் என் விரல்களுக்கு அது வசப்படவில்லை. அவன் சிரித்தான். மறுநாள் வகுப்புக்கு வந்தான்.

அதில் என் பெருமை ஒன்றுமில்லை. விற்விக் பள்ளியின் அந்த ஆசிரியை செய்ததும் இவ்வளவே. புகைப்படத்தில் தன் முகத்தைக் கீறி அழித்த ஒரு பிள்ளைக்கு அவர் அம்முகத்தை மீட்டுக் கொடுத்தார். அம்முகந்தான் பின்னொரு நாள், உலகமே பார்த்திருக்க, வீழ்ந்த பகைவன்மேல் குனிந்தது.

வெல்வது எப்படி என்று கற்பிக்கப் பள்ளிகளும் வகுப்புகளும் நம்மிடம் நிரம்ப உள்ளன. வென்றபின் குனிவது எப்படி, தோற்றபின் நிமிர்வது எப்படி என்ற இரண்டையும் கற்பிக்கும் பொறுப்பு இன்னும் நம் கையிலேயே இருக்கிறது. தழிஞ்சி என்ற சொல்லை அடுத்தமுறை கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அதன்கீழ்ப் புளோய்ட் பற்றர்சன் என்ற பெயரையும் எழுதிவைப்பாராக. பெயர் மறக்கப்பட்ட ஆமூர் மல்லனுக்கும் அது ஒரு சிறு கைம்மாறாக அமையும்.